எமிலி விழுங்கும் வரை

அன்ரனிதாஸ் பயந்து கரம்பொன்னில் யாரும் பார்த்ததில்லை. எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு அவருடையது. அதற்கு அப்பால் நாலைந்து தென்னை, பிறகு கடல். ஒருமுறை எஞ்சின் பழுதாகி அவருடைய போட் நெடுந்தீவுக்கும் அப்பால் இழுபட்டுப் போனது. ஊர் முழுக்கக் கோயிலில் கூடி மன்றாடிக்கொண்டிருந்தபோது கடற்படைக்காரர் கண்டு, கட்டி இழுத்துவந்தார்கள். உதடு வெடித்து, முகம் கறுத்து இறங்கியவர், கரையில் அழுதுகொண்டு நின்ற மனைவியிடம் கேட்ட முதல் கேள்வி, "சோறு கிடக்கே?" என்பதுதான்.

அந்த மனிதர் போன வருடம் ஒரு தேக்கரண்டியைத் தூக்கப் பயந்தார். கை நடுங்குவது தெரியாமலிருக்க மற்றக் கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அவருடைய மனைவி எமிலி என் சிறுவயதுக் கூட்டாளி. தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் தீவுப்பகுதி வெறிச்சோடியபோது, அவளுடைய வீட்டாரும் எங்கள் வீட்டாரும் ஒரே படகில் இந்தியாவுக்குப் போனோம். மண்டபம் முகாமில் ஒரே வரிசையில் இருந்தோம். முகாம் வாசலில் இராமநாதபுரத்துப் பெண்ணொருத்தி மண்ணெண்ணெய் அடுப்பு வைத்து இனிப்புத் தோசை சுட்டு விற்பாள். தோல் கறுத்துப்போன வாழைப்பழத்தைக் கையாலேயே பிசைந்து, கோதுமை மாவும் சீனியும் ஒரு கிள்ளு உப்பும் ஏலக்காயும் போட்டு, தேங்காய்ப்பாலில் தடிப்பாகக் கரைத்து, கல்லில் உள்ளங்கை அளவில் ஊற்றுவாள். எமிலி பள்ளிக்கூடம் விட்டு வந்து அவளுக்குத் தேங்காய் துருவிக் கொடுப்பாள். கூலி, இரண்டு தோசை. ஒன்றை எனக்குத் தருவாள்.

சமாதான காலத்தில் ஊருக்குத் திரும்பி வந்தபோது எமிலிக்குக் கலியாணமாகி மகள் அஞ்சலாவும் பிறந்திருந்தாள். அன்ரனிதாசும் முகாமில் வளர்ந்தவர்தான். எங்கள் ஊரில் பழம் கனிந்துவிட்டால் வாய்ப்பன் போட்டு எண்ணெயில் பொரிப்பார்கள். எமிலி மட்டும் தோசை சுடுவாள். அவர்கள் வீட்டில் அதற்கு மண்டபத் தோசை என்று பெயர். கடலால் வருகிற மனுசனுக்கு ஒரு கோப்பை நிறைய அடுக்கி வைத்திருப்பாள். அவர் அதை எப்படிச் சுடுகிறார்கள் என்று ஒருநாளும் எட்டிப் பார்த்தவரில்லை.

போன வருடம் வைகாசியில், உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த எமிலி கொடியைப் பிடித்தபடியே சரிந்தாள். பாரிசவாதம் என்றார்கள். யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் கிடந்து உயிர் தப்பினாள். வலது கையும் காலும் வழங்கவில்லை. மற்றவர்கள் பேசுவது அவளுக்கு விளங்கியது. திருப்பிச் சொல்ல ஒரு சொல்லும் வரவில்லை. பேச்சோடு சேர்ந்து விழுங்குவதும் போய்விட்டது. மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய் போட்டு, அதன் வழியே பாலும் வடித்த கஞ்சியும் கொடுக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். வாயால் ஒரு துளி தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்றார்கள்.

அஞ்சலா வவுனியாவில் முதற்பிள்ளை வயிற்றோடு இருந்தாள். கட்டிலை விட்டு இறங்கக் கூடாதென்று அவளுடைய டொக்டர் சொல்லியிருந்தார். அன்ரனிதாஸ் போட்டை மைத்துனர் யாகப்புவிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு இருந்தார். குழாய் அவருக்குப் பயமாக இருக்கவில்லை. வலை முடிகிற விரல்கள். ஊசி இல்லாத சிறிஞ்சைக் குழாயில் செருகி, பாலை ஊற்றி, உயர்த்திப் பிடிக்க ஒரே நாளில் பழகிவிட்டன. எமிலியைக் குளிப்பாட்டினார், சீப்பால் தலை இழுத்துவிட்டார், சில்லுக் கதிரையில் வைத்து வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்தார். நான் ஊர்காவற்றுறைத் தபால் கந்தோரில் வேலை முடிந்து வரும் நேரம் இருவரும் வாசலில் இருப்பார்கள்.

ஆடி மாதம் வளவில் நின்ற கதலி வாழையில் குலை முற்றியது. குலையை வெட்டிக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். மூன்றாம் நாள் வீடெல்லாம் பழ வாசம். எமிலி மூக்கை விரித்து விரித்து மணந்து பார்த்தாள். இடது கையால் குசினியைக் காட்டினாள். பிறகு தன் வாயைக் காட்டினாள்.

"வேண்டாமப்பா. டொக்டர் சொன்னவரெல்லே," என்றார் அவர்.

அவள் மறுபடியும் வாயைக் காட்டினாள். பிறகு அழுதாள். அவளுடைய முகத்தில் ஒரு பாதி மட்டுமே அழும். மற்றப் பாதி சும்மா இருக்கும். அதைப் பார்க்க அவரால் முடியவில்லை. மெத்தென்ற சாமான்தானே, பழமும் மாவும்தானே, இதில் என்ன வரப்போகிறது என்று நினைத்தார்.

வாழ்க்கையில் முதல்தடவையாக மா குழைத்தார். கட்டி கட்டியாக நின்றது. அடுப்பை உச்சத்தில் எரியவிட்டார். தோசையின் நடு வேகுமுன் ஓரம் கருகி முறுகிவிட்டது. ஒரு துண்டைப் பிய்த்து ஊதி, அவளுடைய வாயில் வைத்தார். எமிலி மென்றாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். விழுங்கிவிட்டாள் என்று நினைத்து அடுத்த துண்டை வைத்தார். அவள் சிரித்தாள். மூன்றாவதையும் வைத்தார். உண்மையில் அவள் எதையும் விழுங்கியிருக்கவில்லை. உணர்ச்சியற்ற வலது கன்னத்துக்குள் எல்லாம் ஒதுங்கிச் சேர்ந்துகொண்டிருந்தன. அது அவளுக்கும் தெரியாது.

பிறகு எல்லாம் ஒன்றாக வழுக்கி உள்ளே போனது.

இருமியிருந்தால் அவருக்கு விளங்கியிருக்கும். இருமல் வரவில்லை. ஒரு சத்தமும் வரவில்லை. எமிலியின் கண்கள் மட்டும் அகன்று அவரையே பார்த்தன. உதடு நீலமானது. இடது கை கதிரையின் கைப்பிடியை அடித்தது, பிறகு அடிப்பதை நிறுத்தியது.

நான் அப்போதுதான் சைக்கிளை விட்டு இறங்கினேன். "எமிலி" என்று ஒரு சத்தம் கேட்டது. அப்படியொரு குரல் அந்த மனிதரின் தொண்டையிலிருந்து வருமென்று எனக்குத் தெரியாது. ஓடிப்போய்ப் பார்த்தபோது அவளைக் கதிரையிலிருந்து இழுத்துத் தன் முழங்காலில் குப்புறப் போட்டு முதுகில் அறைந்துகொண்டிருந்தார். நான் அவளுடைய வாய்க்குள் விரலை விட்டு வழித்தேன். பழமும் மாவுமாக ஒரு உருண்டை வந்தது. இழுபறியில் மூக்குக் குழாயும் பாதி வெளியே வந்துவிட்டது. அவள் ஒருமுறை கீச்சென்று மூச்சை இழுத்தாள். பிறகு இருமத் தொடங்கினாள். அந்த இருமல் நிற்கவில்லை.

எங்கள் ஒழுங்கைப் பொடியன் ஜெனுஷனின் ஓட்டோவில் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இளம் டொக்டர் ஒருவர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார்.

"வாயால என்ன குடுத்தனீங்கள்?"

"ஒண்டும் குடுக்கேல்லை," என்றார் அன்ரனிதாஸ்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சட்டையில் மா காய்ந்து ஒட்டிக்கிடந்தது. டொக்டர் வேறொன்றும் கேட்காமல் ஒட்சிசன் போடச் சொல்லிவிட்டு யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோக அம்புலன்சுக்குப் போன் அடித்தார். எமிலியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்கள். அன்ரனிதாஸ் சுவரைப் பிடித்தபடி நின்றார். திடீரென்று ஓடினார். வெறுங்காலோடு ஓடி, டொக்டரின் கையைப் பிடித்தார்.

"தோசை குடுத்தனான், சேர். வாழைப்பழத் தோசை. மூண்டு துண்டு. பயத்தில பொய் சொல்லிப்போட்டன். அதால அவவுக்கு ஏதும் பிழைச்சிடுமோ?"

"சொன்னது நல்லது, ஏறுங்கோ," என்றார் டொக்டர்.

அம்புலன்சில் எமிலியின் தலைப்பக்கம் தாதி இருந்தபடியால் அவர் அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். விரலில் மாட்டிய கருவியில் ஓர் எண் எரிந்தது. அது இறங்கினால் தாதி ஒட்சிசனைக் கூட்டுவாள். அல்லைப்பிட்டி தாண்டி, பண்ணைப் பாலம் வரைக்கும் அவர் அந்த எண்ணை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மாதாவுக்கான பிரியதத்த மந்திரத்தைச் சொல்லத் தொடங்கினார். புத்தி தெரிந்த நாளிலிருந்து சொல்லி வருவது. பாதியில் அடுத்த சொல் வரவில்லை. திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார். அதே இடத்தில் நின்றது. "எனக்கும் பேச்சுப் போயிட்டுது எண்டுதான் நினைச்சனான், தங்கச்சி," என்று பிறகு என்னிடம் சொன்னார்.

உணவு சுவாசப்பைக்குள் போய் நியுமோனியாவாகிவிட்டது. எமிலிக்கு நெருப்பாகக் காய்ந்தது. பெண்கள் விடுதிக்குள் அவரை நிற்க விடமாட்டார்கள். நான் லீவு போட்டுவிட்டு உள்ளே இருந்தேன். அவர் வெளியே விறாந்தையில் கிடந்த மர வாங்கில் இருந்தார். கதவு திறந்து தாதி யாராவது வந்து பெயர் கூப்பிட்டால், அது யாருடைய பெயராக இருந்தாலும் எழும்பிவிடுவார். ஒருநாள் பக்கத்துக் கட்டில் பெண் இறந்துபோனாள். மூடிய வண்டி வெளியே போனது. நான் பின்னால் போய்ப் பார்த்தபோது அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்து நின்றார்.

"அவ இல்லை அண்ணை," என்றேன்.

அவர் தலையாட்டினார். கையை எடுக்க வெகுநேரமானது.

காய்ச்சல் இறங்கிய பிறகு நிருஜா என்ற பெண் வந்தாள். பேச்சுக்கும் விழுங்குவதற்கும் சிகிச்சை கொடுப்பவள். அன்ரனிதாசை உள்ளே கூப்பிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் இருத்தினாள். அவர் ஏச்சு விழப்போகிறதென்று குனிந்திருந்தார்.

"என்ன தோசை ஐயா அது?" என்று கேட்டாள்.

அவர் சொன்னார். மண்டபம் முகாமிலிருந்து தொடங்கிச் சொன்னார். எமிலி கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவவுக்கு நல்ல விருப்பமோ?"

"உயிர், பிள்ளை."

"அப்ப அதையே வைச்சுத்தான் பழக்கப்போறம். இப்ப இல்லை. கொஞ்ச நாள் போகட்டும்."

அவர் எழும்பி நின்றுவிட்டார். "இல்லைப் பிள்ளை, என்னால ஏலாது. குழாய் இருக்கட்டும். சாகும்வரைக்கும் குழாயாலயே குடுக்கிறன். எனக்கு அது சுகம்."

"உங்களுக்குச் சுகம். அவவுக்கு?"

எமிலி இடது கையால் கட்டில் சட்டத்தில் ஒருமுறை தட்டினாள். ஒரு தட்டு என்றால் இல்லை. ஆஸ்பத்திரியில் வைத்து நாங்கள் பழக்கிக்கொண்ட பாஷை அது.

வீட்டுக்கு வந்த பிறகு ஒவ்வொரு கிழமையும் கிளினிக்குக்குப் போனார்கள். நிருஜா எமிலியின் நாக்குக்கும் தொண்டைக்கும் பயிற்சி கொடுத்தாள். அவருக்கும் சொல்லிக்கொடுத்தாள். நேராக நிமிர்த்தி இருத்த வேண்டும். தலை குனியும்படி நாடியை நெஞ்சுப்பக்கம் தாழ்த்த வேண்டும். கரண்டி இடது பக்கத்தால் போக வேண்டும், அரைக் கரண்டிக்கு மேல் கூடாது. தொண்டையில் விரலை மெதுவாக வைத்தால் விழுங்கும்போது குரல்வளை மேலே ஏறி இறங்குவது தெரியும். ஏறவில்லை என்றால் அடுத்த வாய் கிடையாது. பிறகு கன்னத்துக்குள் பார்க்க வேண்டும். "ஆ" சொல்லச் சொல்ல வேண்டும். குரல் ஈரமாகக் கரகரத்தால் நிறுத்திவிட வேண்டும். புரட்டாதியில் ஒருநாள் எமிலி நிருஜாவின் கையால் தடித்த கஞ்சி பத்துக் கரண்டி விழுங்கினாள். அன்ரனிதாஸ் அறை வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"இனி வீட்டில நாளுக்கு ஒருக்கா நாலைஞ்சு கரண்டி குடுத்துப் பழக்குங்கோ. மிச்சம் குழாயால குடுங்கோ. நல்லா விழுங்கத் தொடங்கினா குழாயைக் கழட்டலாம்," என்றாள் நிருஜா.

"ஓம் பிள்ளை," என்றார்.

கொடுக்கவில்லை. ஒவ்வொரு நாளும் கஞ்சியைக் காய்ச்சினார். எமிலியை நிமிர்த்தி இருத்தினார். கழுத்தில் துண்டைக் கட்டினார். கரண்டியை எடுத்து, அவளுடைய வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய், நீல உதட்டை நினைத்துக்கொள்வார். கரண்டி கோப்பைக்குத் திரும்பும். "நாளைக்குப் பாப்பம் என்ன?" என்பார். கஞ்சி நாய்க்குப் போகும். நிருஜா தொலைபேசியில் கேட்டால், "ஓம், குடுக்கிறன்," என்று அவளுக்குச் சொல்வார். அஞ்சலாவுக்கும் அப்படியே சொன்னார். எமிலி பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

நீ சுட்டுக் கொடுத்திருக்கலாமே, நீ ஊட்டியிருக்கலாமே என்று யாரும் என்னிடம் கேட்கக்கூடும். எனக்கும் பயம்தான். அவளுடைய வாய்க்குள்ளிருந்து நான் வழித்தெடுத்த அந்த உருண்டையின் சூடு விரலை விட்டுப் போகவில்லை. நான் ஊட்டி ஏதாவது நடந்துவிட்டால் அந்த ஒழுங்கையில் அதற்குப் பிறகு எப்படி நடப்பேன்?

அப்படியே இரண்டு வாரம் கழிந்து ஒரு சனிக்கிழமை காலை, அவர் பாலை எடுத்துக்கொண்டு வந்தபோது எமிலி குழாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பிளாஸ்டரை உரித்து, மூக்கிலிருந்து இழுத்து, சுருட்டி வைத்திருந்தாள். மூக்கு நுனியில் கொஞ்சம் இரத்தம். அழவில்லை. அவரை நேரே பார்த்தாள்.

அவர் என்னைக் கூப்பிட வந்தார். எங்கள் படலை வாசலுக்கு வரும்போதே மேல்மூச்சு வாங்கியது. "ஆஸ்பத்திரிக்குப் போவம், தங்கச்சி. ஜெனுஷனுக்குப் போன் அடியும். அவ குழாயைப் பிடுங்கிப்போட்டா."

ஓட்டோ வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து கதிரையைத் தள்ளப் பார்த்தோம். எமிலி இடது கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தால் மறுபடியும் பிடித்தாள். ஒரு பக்கம் செத்துப்போன உடம்பில் இவ்வளவு பலம் எங்கிருந்தது என்று தெரியவில்லை. நிலையை ஒருமுறை தட்டினாள். இல்லை. இன்னொருமுறையும் தட்டினாள்.

ஜெனுஷன், "மாமி வரமாட்டா போல கிடக்கு," என்று சொல்லிவிட்டு ஓட்டோவுக்குள் போய் இருந்துகொண்டான்.

நான் நிருஜாவுக்கு அழைத்தேன். விடுமுறை நாள், வீட்டில் இருந்தாள். தொலைபேசியை அன்ரனிதாசிடம் கேட்டு வாங்கினாள்.

"ஐயா, உண்மையைச் சொல்லுங்கோ. வாயால இதுவரைக்கும் எத்தினை கரண்டி குடுத்தனீங்கள்?"

அவர் எமிலியைப் பார்த்தார். "ஒண்டும் குடுக்கேல்லைப் பிள்ளை."

நிருஜா ஏசவில்லை. "சரி. காய்ச்சல், இருமல் ஏதும் இருக்கோ? இல்லையோ? அப்ப வீடியோவைப் போட்டு என்னைக் குசினிக்குள்ள வையுங்கோ. அவ என்ரை கண்ணுக்கு முன்னால விழுங்கினவ. இண்டைக்கு நான் பாக்கப் பாக்க நீங்கள் குடுங்கோ. ஒரு வாய் பிழைச்சாலும் உடனே ஆஸ்பத்திரி. ஓட்டோ வாசலில நிக்கட்டும்."

"கஞ்சி காய்ச்சட்டோ?"

எமிலிக்கு அது விளங்கியிருக்க வேண்டும். கதிரையைத் தட்டினாள். கையை நீட்டிக் குசினியில் தொங்கிய புதுக் குலையைக் காட்டினாள்.

மா போட்டு வைக்கும் தகரப் பேணியில் தொலைபேசியைச் சாய்த்து வைத்தேன். அதில் நிருஜாவின் முகம். எமிலியைக் குசினி வாசலில் நிறுத்தினோம். அன்ரனிதாஸ் மூன்று பழத்தை உரித்துக் கையால் பிசைந்தார். கட்டி ஒன்றுகூட இருக்கக் கூடாதென்று விரலுக்கிடையில் நசுக்கி நசுக்கிப் பார்த்தார். மாவை அரிதட்டில் அரித்துப் போட்டார். ஏலக்காயை எடுத்தபோது நிருஜா, "கோது ஒரு துண்டும் போகக் கூடாது ஐயா," என்றாள். உடனே ஏலக்காயை முழுதாகவே தள்ளி வைத்துவிட்டார். தேங்காய்ப்பாலை ஊற்றினார். எமிலி தட்டினாள். இன்னும் ஊற்றினார். தட்டினாள். மா கரண்டியிலிருந்து தடித்த கயிறு மாதிரி இறங்கியபோது தட்டுவதை நிறுத்தினாள்.

அடுப்பை மூட்டினார். தட்டு. குறைத்தார். தட்டு. இன்னும் குறைத்தார். இவ்வளவு சின்ன நெருப்பில் எதுவும் வேகாது என்று அவர் நினைத்ததைப் பிறகு சொன்னார். ஆனாலும் மறுத்துப் பேசவில்லை. நெய் தடவி மாவை ஊற்றி மூடினார். மேலே குமிழி வந்து, வெடித்து, ஈரம் காய்ந்தது. தட்டகப்பையால் திருப்பும்போது கை ஆடி, தோசை பாதியாக மடிந்தது. எமிலியின் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பா என்று எங்களில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. அன்ரனிதாஸ் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து அவளுடைய உதட்டைப் பார்த்தார். சிவப்பாகத்தான் இருந்தது.

இரண்டாவது தோசை பொன்னிறமாக வந்தது. ஓரத்தை முழுவதும் வெட்டி எறிந்தார். நடுவை மட்டும் கோப்பையில் போட்டு, தேங்காயின் முதற்பாலில் ஊறவைத்து, கரண்டியின் முதுகால் களிபோல் மசித்தார். மசித்துக்கொண்டே இருந்தார்.

"போதும் ஐயா," என்றாள் நிருஜா. "இனிக் குடுங்கோ."

எமிலியின் நாடியைத் தாழ்த்தினார். கரண்டியில் நகத்தளவு எடுத்தார். கை ஆடியது. மற்றக் கையால் மணிக்கட்டைப் பிடித்தார். இரண்டும் சேர்ந்து ஆடின. நெற்றியில் வியர்வை வழிந்து கண்ணுக்குள் போனது. துடைக்கவில்லை.

"ஏலாது பிள்ளை. சத்தியமா ஏலாது."

எமிலி தன் இடது கையைத் தூக்கினாள். அவருடைய கையைப் பிடித்தாள். இழுக்கவில்லை. ஆட்டம் கொஞ்சம் குறையும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கரண்டியைத் தானே தன் வாயின் இடது பக்கத்துக்குக் கொண்டுபோனாள். உதட்டை மூடினாள்.

அவர் விரலை அவளுடைய தொண்டையில் வைத்தார். நான் தொலைபேசியை அவர்கள் பக்கம் திருப்பிப் பிடித்தேன். ஜெனுஷன் எப்போது உள்ளே வந்தான் என்று தெரியாது. கதவுக்குப் பக்கத்தில் ஓட்டோவை இயக்கும் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். எமிலி நாக்கை உருட்டினாள். கண்ணைச் சுருக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. அன்ரனிதாசின் முகம் சாம்பலாகிக்கொண்டு வந்தது. அவர் வாய் அசைந்தது, மந்திரமாக இருக்கலாம்.

"பொறுங்கோ," என்றது தொலைபேசி. "அவசரப்படுத்தாதேங்கோ."

விரலுக்குக் கீழே குரல்வளை ஏறியது. இறங்கியது.

"ஆ சொல்லச் சொல்லுங்கோ."

"ஆ," என்றாள் எமிலி. சுத்தமான குரல்.

"வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கோ. வலப்பக்கக் கன்னத்தைப் பாருங்கோ."

அவர் குனிந்து பார்த்தார். டோர்ச் அடித்துப் பார்த்தார். கன்னத்துக்குள் ஒன்றும் இல்லை. நிலத்தில் அப்படியே குந்திவிட்டார். எமிலி அவருடைய தலையில் கரண்டியால் மெல்லத் தட்டினாள். அடுத்த வாய்.

அன்றைக்கு அந்தத் தோசையில் பாதியைச் சாப்பிட்டாள். முடிக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது. ஒவ்வொரு வாய்க்கும் அவர் முதல் வாய்க்குப் பயந்த அளவுக்கே பயந்தார். ஞாயிற்றுக்கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாக வாயாலேயே கொடுத்தார். திங்கட்கிழமை கிளினிக்கில் நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்தார்கள். சளி ஒன்றும் இல்லை. குழாய் திரும்பப் போடப்படவில்லை. சில மாதங்களில் குழைந்த சோறு, மசித்த மீன் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. சொல்லும் வரத் தொடங்கியது, ஒவ்வொன்றாக. முதலில் மகளின் பெயர் வந்தது. தண்ணீர், போ, வா என்று பிறகு வந்தன. நாலு சொல்லைச் சேர்த்துச் சொல்வது இன்னும் வரவில்லை. வராமலே போகலாம் என்று நிருஜா மறைக்காமல் சொல்லியிருக்கிறாள்.

பயம் அவரை விட்டுப் போகவில்லை. எமிலி இப்போது இடது கையால் தானே சாப்பிடுகிறாள். தன் வாயையே பார்த்துக்கொண்டு யாராவது முன்னால் இருந்தால் அவளுக்குப் பிடிக்காது; "போங்கோ" என்பாள். அவர் எழும்பிப் போவார். போய்க் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். கடலுக்குத் திரும்பிவிட்டார், ஆனால் கரை தெரிகிற தூரத்துக்கு மேல் போவதில்லை. யாகப்பு கேலி பண்ணினால், "மத்தியானச் சாப்பாட்டுக்கு நிக்கவேணும் மச்சான்," என்பார். கரையோர நண்டு வலையோடு அவருடைய வருமானம் முடிந்துவிடுகிறது. ஒழுங்கையில் யாருக்காவது புரை ஏறினால் நாங்கள் எல்லோரும் முதலில் திரும்பிப் பார்ப்பது அவருடைய முகத்தைத்தான்.

இந்த வருடம் ஆனியில் அஞ்சலா கைப்பிள்ளையோடு வந்து நின்றாள். பிள்ளைக்குப் பால் தவிர மற்றச் சாப்பாடு தொடங்குகிற வயது. எமிலி பிள்ளையைத் தன் இடது பக்கத்தில் அணைத்து வைத்துக்கொண்டு, மசித்த பழத்தில் ஒரு துளியை விரல் நுனியால் தொட்டு அதன் நாக்கில் வைத்தாள். பிள்ளை முகத்தைச் சுழித்து, துப்பி, ஒருமுறை இருமியது. அஞ்சலா சிரித்தாள், நானும் சிரித்தேன். அன்ரனிதாஸ் கதிரையைத் தள்ளி விழுத்திவிட்டு எழும்பி நின்றார். இரண்டு கையும் முன்னால் நீண்டிருந்தன.

எமிலி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இருங்கோ," என்றாள்.

விழுந்த கதிரையை நிமிர்த்தி, பிள்ளைக்குக் கிட்டப் போட்டு, அதில் இருந்தார். எமிலி அடுத்த துளியைத் தொட்டாள்.